பெர்சிக்கு இன்னும் 17 வயசுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல லீவுக்கு பசங்களுக்கு வாங்கித் தர்ற மாதிரி புக்ஸ்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க. நல்ல லிஸ்ட்தான், குறை சொல்ல வரல. ஆனா அதுல கிரேக்க சாமிங்களை வெச்சு எழுதின பெர்சி ஜாக்சன் சீரிஸ் முழுசும் 10 வயசுலேர்ந்து படிக்கலாம்னு ஒரே வரில தள்ளிட்டுப் போயிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கை அரிச்சுது. முழுசுனா எவ்வளவுனு லிஸ்ட் போட்டவங்க ஒரு தடவ எண்ணிப் பார்த்திருக்கலாம். முதல்ல 5 புக், அப்புறம் 'ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்'னு 5, அப்புறம் 'ட்ரையல்ஸ் ஆஃப் அப்போலோ'னு 5, அது முடிஞ்சுதேனு மூச்சு விட்டா 2023லேர்ந்து திரும்பவும் பெர்சி, நீக்கோனு ஒரு கேரக்டரை வெச்சு இன்னொருத்தரோட சேர்ந்து எழுதினது தனியா, இது பத்தாதுனு எகிப்து சாமிங்களுக்கு 3, வட ஐரோப்பாவோட நார்ஸ் சாமிங்களுக்கு 3. இத்தனையும் ஒரு 10 வயசுப் பிள்ளை தலைல கட்டினா அது மூணாவது செட்டுக்கு வர்றதுக்குள்ள புக்கே வேணாம்னு ஓடிரும்.

நான் இதை ஸ்கூல் படிக்கறப்ப ஆரம்பிச்சவ. இப்ப வேலைக்குப் போறேன், இன்னமும் புதுசு வந்தா வாங்கிட்டுதான் இருக்கேன், வாங்கிட்டு திட்டிட்டும் இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இடம் இல்லேனா வெட்டிக்கோங்க, ஆனா லூக் பத்தின இடத்தை மட்டும் வெட்டிராதீங்க.

தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். எழுதறவர் ரிக் ரயர்டன், அமெரிக்காவுல டெக்சஸ்காரர், 15 வருஷம் மிடில் ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், பக்கத்துலயே பெரியவங்களுக்கு துப்பறியும் நாவலும் எழுதிட்டு இருந்தார். அவர் பையனுக்கு கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏடிஹெச்டி, எழுத்தை வாசிக்கக் கஷ்டப்படுத்தற டிஸ்லெக்சியா ரெண்டும். ரெண்டாம் கிளாஸ் படிச்சிட்டிருந்த அந்தப் பையனுக்கு கிரேக்க புராணம்னா உசுரு, அப்பா ராத்திரி தூங்க வைக்க ஒவ்வொரு கதையா சொல்ல சொல்ல கதை தீர்ந்துபோச்சு, அப்ப நீயே புதுசா ஒண்ணு சொல்லுப்பானு பையன் கேட்க, மூணு ராத்திரில சொல்லி முடிச்ச கதைதான் 'தி லைட்னிங் தீஃப்', புக்கா வந்தது 2005ல.

அதுல என்ன விசேஷம்னா, ஹீரோ பெர்சிக்கும் அதே ரெண்டு பிரச்னை. ஸ்கூல் ஸ்கூலா துரத்தி விடறாங்க, எழுத்து எல்லாம் பக்கத்துலேர்ந்து எழும்பி சுத்துது, ஒரு இடத்துல உக்கார முடியல. கடைசில பார்த்தா அவன் கடல் சாமி பொசைடனோட பிள்ளை, பாதி மனுஷன் பாதி சாமி, அவன் மூளை இங்கிலீஷுக்கு இல்ல பழைய கிரேக்கத்துக்குனு அமைஞ்சது, அதனாலதான் எழுத்து சுத்துது, உக்கார முடியாதது சண்டைல உசுரைக் காப்பாத்தற சுறுசுறுப்பு. டாக்டர் யாராவது இதைப் படிச்சா சிரிப்பாங்க. ஆனா எங்க அக்கா பையனோட ரிப்போர்ட் கார்டுல அவன் ஸ்கூல்ல 'சோம்பேறித்தனம், கவனமின்மை'னு வருஷா வருஷம் எழுதி அனுப்பிட்டிருந்தாங்க, அந்தப் பையன் இந்த புக்கை ஆடியோவுல கேட்டுட்டு "சித்தி, இவனுக்கும் என்னை மாதிரியா"னு கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே ரயர்டன் மேல எனக்கு ஒரு மரியாதை எப்பவும் இருக்கும், கீழ எவ்வளவு திட்டினாலும் அதை இதோட சேர்த்துப் படிங்க.

முதல் 5 புக்கையும் பெர்சியே சொல்றான். முதல் அத்தியாயத்தோட தலைப்பே நான் தெரியாத்தனமா என் கணக்கு டீச்சரை ஆவியாக்கிட்டேங்கற மாதிரி இருக்கும். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல 600வது மாடிக்கு லிஃப்ட்ல போனா சாமிங்க இருக்கற ஒலிம்பஸ், பெர்சி மாதிரி பாதி சாமிப் பசங்க தங்கற கேம்ப்பைப் பார்த்துக்கற ஒயின் சாமி டயோனிசஸுக்கு குடிக்கத் தடை போட்டதால டயட் கோக்கா குடிச்சு எரிஞ்சு விழுந்துட்டு இருப்பார். இந்த ஜோக்ஸுக்காகதான் பசங்க உள்ள வர்றாங்க. நானும் அப்படிதான் வந்தேன். ஆனா உள்ள கூட்டிட்டுப் போய் ரயர்டன் கேக்கறது வேற ஒண்ணு, அது ஜோக்கே இல்ல. பிள்ளையப் பெத்து கீழ விட்டுட்டு மேல போயி உக்காந்துக்கற இந்த சாமிங்க அப்பா அம்மானு சொல்லிக்க லாயக்கா?

இதை வாயைத் திறந்து கேக்கறவன் லூக். தூது போற சாமி ஹெர்மிஸோட பையன், கேம்ப்ல எல்லாருக்கும் அண்ணன் மாதிரி, முதல் புக் கடைசில பெர்சி மேல தேளை ஏவி விட்டுட்டு எதிரி பக்கம் போயிடறான். சாதாரண பசங்க கதைன்னா அங்கேயே அவன் வில்லன், கதை முடிஞ்சுது. இங்க அப்படி இல்ல. யாரோட பிள்ளைனே தெரியாம எத்தனை பசங்க ஹெர்மிஸ் கேபின்ல தரைல படுத்துக் கிடக்கறாங்க, பெத்தவங்க வந்து இது என் பிள்ளைனு ஒரு தடவ கூட சொல்லல, எதுக்கு இவங்களுக்காக நாம சாகணும்னு லூக் கேட்டா பெர்சிக்கே பதில் கிடையாது. படிக்கற நமக்கும் கிடையாது.

அஞ்சாவது புக்ல ஒரு இடம் வரும். லூக்கோட அம்மா வீட்டுக்கு, கனெக்டிகட்ல வெஸ்ட்போர்ட்னு ஒரு ஊரு, பெர்சியும் நீக்கோவும் போறாங்க. அந்தம்மாவுக்கு புத்தி பேதலிச்சு வருஷக்கணக்காச்சு. 9 வயசுல ஓடிப்போன பையன் இன்னிக்கு மத்தியானம் சாப்பிட வந்துருவான்னு நினைச்சு தினம் பீநட் பட்டர் சாண்ட்விச் செஞ்சு செஞ்சு அடுக்கறாங்க, பிஸ்கட்டை ஓவன்ல வெச்சுட்டு மறந்து கருக்கறாங்க, சமையக்கட்டு முழுக்க டப்பா டப்பாவா அடுக்கியிருக்கு, அடியில இருக்கறதெல்லாம் பச்சையா பூசணம் பிடிச்சுக் கிடக்கு. வாசல்ல யாரு நின்னாலும் லூக்னு கட்டிப் பிடிச்சுக்கறாங்க. வாண்டுப் பசங்க படிக்கற புக்தானே இதுனு எனக்கு அங்க ஒரு நிமிஷம் தூக்கி வாரிப் போட்டுச்சு. லூக் ஏன் அப்படி ஆனான்னு அதுக்கப்புறம் ஒரு வரி கூட யாரும் விளக்க வேண்டியதே இல்ல.

மூணாவது புக்ல பியாங்காவும் அப்படிதான். சாமிங்க தூக்கிப் போட்ட குப்பைமேட்டு வழியா போறாங்க, எதையும் தொடக்கூடாதுனு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க, அவ ஒரு சின்ன பொம்மைய எடுத்து வெச்சுக்கறா, பாதாளத்துச் சாமி ஹேடிஸோட பொம்மை. தம்பி நீக்கோ அந்த விளையாட்டு பொம்மைங்க எல்லாம் சேர்க்கறவன், அவன்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதான். அதனால ஒரு பெரிய உலோக ராட்சசன் எழும்பி வர, அதை நிறுத்தப் போயி அவ செத்துப் போறா. பெர்சி அந்தப் பொம்மையைக் கொண்டுபோய் அந்தச் சின்னப் பையன் கைல குடுக்கணும். நான் அந்தப் பக்கத்தை இப்ப எடுத்துப் படிச்சாலும் நேரா உக்காந்து படிக்க முடியறதில்ல.

இப்படி ஒவ்வொரு சாவுக்கும் விலை வெச்சு எழுதி எழுதி கடைசில 2009ல 'தி லாஸ்ட் ஒலிம்பியன்' முடியறப்ப, சாமிங்க பெர்சியைக் கூப்பிட்டு உன்னையும் சாகாவரம் குடுத்து சாமியாக்கறோம்ங்கறாங்க. அவன் வேணாம்ங்கறான். அதுக்கு பதிலா உங்க பிள்ளைங்களை 13 வயசுக்குள்ள உங்க பிள்ளைனு ஒத்துக்கோங்க, சின்னச் சாமிங்க பிள்ளைங்களுக்கும் கேம்ப்ல கேபின் கட்டிக் குடுங்கனு கேக்கறான். அதாவது லூக் கேட்டதை, லூக் செத்ததுக்கு அப்புறம், லூக்கை எதிர்த்து நின்னவன் வாங்கிக் குடுக்கறான். இவ்வளவு கச்சிதமா முடியற பசங்க சீரிஸ் நான் படிச்ச வரைக்கும் ரொம்பக் கம்மி. அங்க மூடி வெச்சிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது.

மூடி வெக்கல. அடுத்த வருஷமே, 2010ல, 'தி லாஸ்ட் ஹீரோ'. கதைல நாலு மாசம்தான் ஆயிருக்கு. அதுக்குள்ள சாமிங்க ராஜா ஸ்யூஸ் ஒலிம்பஸ் கதவைச் சாத்திட்டார், எந்தச் சாமியும் பிள்ளைங்ககிட்ட பேசறதில்ல, அவர் பொண்டாட்டி ஹீரா பெர்சியோட ஞாபகத்தை அழிச்சு தூங்கப் போட்டு வேற கேம்ப்ல கொண்டுபோய் விட்டுட்டா. அட, போன புக் கடைசில கையெழுத்துப் போடாத குறையா சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களேப்பா! சத்தியம் மீறினதுனு கூட கதை அதைப் பெருசா எடுத்துக்கல, ஏதோ மழை வந்துச்சுங்கற மாதிரி கடந்து போயிடுது. என் முதல் மனத்தாங்கல் இதுதான். புது வில்லன் வரட்டும், பூமாதேவி கையா வரட்டும், ராட்சசங்க வரட்டும், வேணாம்னு சொல்லல, ஆனா முதல் அஞ்சுல எதுக்காக இத்தனை பேர் செத்தாங்களோ அதை ஒரு பக்கத்துல கலைச்சுட்டு அப்புறம் என்ன சொன்னாலும் எனக்கு ஒட்டல.

குரலும் போச்சு. முதல் 5ல பெர்சி நம்ம காதுக்குள்ள பேசுவான். இங்க ஏழு பேர், ஆளுக்குச் சில அத்தியாயம்னு மாத்தி மாத்தி வருது, 'தி ஹவுஸ் ஆஃப் ஹேடிஸ்'ல ஏழு பேரோட பார்வையும் இருக்கு, ஜேசன் பேசினாலும் பைப்பர் பேசினாலும் எனக்கு ஒரே ஆள் பேசற மாதிரிதான் இருக்கும், லியோ மட்டும் தப்பிச்சான், ஏன்னா அவன் வாய் ஓயாது. கடைசி புக்ல, 'தி பிளட் ஆஃப் ஒலிம்பஸ்', 2014, பெர்சிக்கும் அவன் தோழி அன்னபெத்துக்கும் ஒரு அத்தியாயம் கூட கிடையாது. பத்து புக்கா கூட நடந்து வந்தவங்க, அதுவும் முந்தின புக்ல டார்டரஸ் பாதாளத்துல விழுந்து எழுந்து வந்தவங்க, அதுக்கப்புறம் ராத்திரி தூங்கினாங்களா இல்லையானு ஒரு வார்த்தை அவங்க வாயால கேக்க முடியல. அஞ்சு புக்கா பூமாதேவியே முழிச்சுக்கப் போறா உலகமே அழியப் போகுதுனு பில்டப் குடுத்த கையா, முழிச்சு, வானத்துல தூக்கி, தூங்க வெச்சு, வெடிச்சு, எல்லாம் சில பக்கத்துல முடிஞ்சுது. நான் பின்னாடி பக்கம் கிழிஞ்ச காப்பி வாங்கிட்டேனோனு திருப்பிப் பார்த்தேன்.

செத்தவங்க திரும்பி வர்றதும் இங்கதான் ஆரம்பிச்சுது. லியோ வெடிச்சுச் செத்துட்டான்னு அழுதா ஒரு மருந்தை உள்ள வெச்சிருந்து எழுந்து வந்துட்டான். மெகா சீரியல்ல ஆத்துல விழுந்த ஹீரோயின் அம்பதாவது எபிசோடுல முகத்துல கட்டுப் போட்டுட்டு வர்ற கதையா ஆயிடுச்சு. பாப்னு ஒரு டைட்டன் (ஒலிம்பஸ் சாமிங்களுக்கு முந்தின தலைமுறை), நினைவு அழிஞ்சு போய் பாதாளத்துல துடைப்பம் பிடிச்சு வேலை பார்க்கறவன், பெர்சியையும் அன்னபெத்தையும் வெளிய அனுப்பறதுக்காக தான் உள்ளயே நின்னுடுவான், சூரியனுக்கும் நட்சத்திரத்துக்கும் நான் ஹலோ சொன்னேன்னு சொல்லுங்கனு அனுப்பி வெப்பான். அது அப்படியே நின்னிருக்கணும். 2023ல 'தி சன் அண்ட் தி ஸ்டார்'னு புக் போட்டு நீக்கோவும் அவனுக்குத் துணையா வில்னு ஒரு பையனும் பாபைத் தேடிக்கிட்டு டார்டரஸுக்கே கிளம்பிட்டாங்க. பாப் மேல எனக்கும் பாசம்தான், இருந்தாலும் ஒரு தியாகம்னா அதைத் தியாகமா விட்டு வைக்க மாட்டீங்களா சார்.

சரி, இவ்வளவு திட்டறவ ஏன் வாங்கறேனு கேப்பீங்க. காரணம் இருக்கு. கதை கட்டறதுல ரயர்டன் பின்னாடி போகப் போக, மனுஷங்களைப் பார்க்கறதுல முன்னாடி போயிட்டே இருந்தார். அதே நீக்கோவை எடுத்துக்கோங்க. மூணாவது புக்ல பொம்மை சேர்த்திட்டிருந்த பொடியன், அக்கா செத்ததும் இருண்டு போயி யாரோடவும் ஒட்டாம திரியறான், பெர்சியைக் கண்டாலே கோபம், எல்லாரும் அக்கா சாவுக்காகத்தான்னு நினைச்சிட்டிருந்தோம். 2013 புக்ல குரோஷியாவுல ஸ்ப்ளிட்னு ஒரு ஊர்ல, பழைய ரோமானிய அரண்மனை இடிபாடுல, காதல் சாமி க்யூபிட் அவனை அடிச்சு மிரட்டி உண்மையைச் சொல்ல வைக்கறான். அவனுக்குப் பெர்சியைப் பிடிச்சிருந்தது, அதான் அந்த இருட்டு. வெளிய சொல்ல பயந்து பயந்து ஒரு பையன் எப்படி ஆகறான்னு 6 புக்கா நம்ம கண்ணு முன்னாடியே வெச்சிருக்கார், நமக்குத் தெரியல. ஒரு பிள்ளையை வலுக்கட்டாயமா அப்படி சொல்ல வைக்கலாமானு அந்த சீனை எதிர்த்தவங்களும் இருக்காங்க, அதுல நியாயமும் இருக்கு, எனக்கும் அந்த இடம் நெருடும். ஆனா கூட நின்ன ஜேசன் அதுக்கப்புறம் ஒரு கேலி கிடையாது, ஒரு உபதேசம் கிடையாது, உன் ரகசியம் என்கிட்ட பத்திரம்ங்கற மாதிரி நடந்துக்கறான் பாருங்க, 2005ல எழுதின ரயர்டனால இதை எழுதியிருக்க முடியாதுனு நினைக்கறேன்.

நார்ஸ் வரிசைல சமீரானு ஒரு முஸ்லிம் பொண்ணு வால்கிரியா, அதாவது செத்த வீரங்களைக் கூட்டிட்டுப் போற போர்ப்பொண்ணா வர்றா, தொழுகையை விடாம கோடாரியையும் பிடிக்கறா. அலெக்ஸ்னு ஒரு கேரக்டர், ஒரு நாள் பொண்ணா உணர்றாங்க ஒரு நாள் பையனா, அந்த 'ஹேமர் ஆஃப் தோர்' புக்குக்கு 2017ல பால் புதுமையினர் பத்தின புக்ஸுக்குத் தர்ற ஸ்டோன்வால் விருது குடுத்தாங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் பசங்க புக்ல வேணுமானு கேக்கறவங்க இருப்பாங்க, உங்களுக்கே லெட்டர் வரும், வரட்டும்.

இன்னொண்ணு சொல்லணும், முதல் புக்லேர்ந்தே எனக்கு இடிச்சிட்டிருந்த விஷயம். கிரேக்க சாமிங்க ஏன் அமெரிக்காவுல இருக்காங்கனு கேட்டா, அவங்க மேற்கத்திய நாகரிகத்தோட சேர்ந்து நகர்றவங்க, அது எங்க பலமா எரியுதோ அங்க அவங்க, இப்ப அது அமெரிக்காங்கறாங்க. சின்ன வயசுல தலையாட்டிட்டுப் படிச்சுட்டேன். பெரியவளானப்புறம், அப்ப மத்த நாட்டு சாமிங்க எல்லாம் எங்கய்யா போனாங்கனு கேக்கத் தோணாம இல்ல. இதுக்கு அவர் பண்ணது எனக்குப் பிடிச்சுது. நம்ம புராணத்தைத் தானே எடுத்து எழுதி வெக்காம, 2018ல தன் பேர்ல ஒரு பதிப்பு வரிசை ஆரம்பிச்சு அந்தந்தக் கலாசாரத்துலேர்ந்து வந்தவங்களை எழுத வெச்சார். முதல் புக்கே ரோஷனி சோக்ஷி எழுதின 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்', பஞ்சபாண்டவங்க இந்தக் காலத்துப் பொண்ணுங்களா பிறந்து வர்ற கதை, 5 புக்ல 2022ல முடிஞ்சுது. முடிஞ்சுதுங்கறதை கவனிங்க! ஆனா அதைப் படிக்கறப்ப ஒரு வித்தியாசம். ஸ்யூஸை கிண்டல் பண்ணா எனக்கு சிரிப்பு வரும், ஸ்யூஸுக்கு நம்ம தெருவுல கோயில் இல்ல. இந்திரனும் எமனும் அப்பாவா வந்து நிக்கறப்ப, சிரிக்கலாமா வேணாமானு பாட்டி முகம் ஒரு நொடி வந்து போகும். அக்கா பையனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்ல, விழுந்து விழுந்து சிரிச்சான்.

இப்ப 'ட்ரையல்ஸ் ஆஃப் அப்போலோ'வுக்கு வரேன். உங்க லிஸ்ட்காரங்க மட்டும் இல்ல, பெர்சி ரசிகர்கள்லயே பாதிப் பேர் இந்த 5 புக்கையும் தாண்டிப் போயிடுவாங்க, ஏன்னா பெர்சி ஓரமா வந்து தலைகாட்டிட்டுப் போயிடுவான். எனக்கு அது அநியாயமா படுது. ஸ்யூஸ் தண்டனை குடுத்து சூரியனுக்கும் கவிதைக்கும் சாமியான அப்போலோவை பூமில தள்ளிடறார், 16 வயசுப் பையனா, லெஸ்டர்னு பேரு, முகமெல்லாம் பரு, கொஞ்சம் தொப்பை, மன்ஹாட்டன்ல ஒரு குப்பைத்தொட்டிக்குள்ள வந்து விழறார், விழுந்த உடனே ரெண்டு ரவுடிப் பசங்ககிட்ட அடி. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மேல ஒரு ஹைக்கூ வேற, தன்னோட கவிதை மேல அவ்வளவு தற்பெருமை. முதல் புக் பாதி வரைக்கும் இந்த ஆளை ஓங்கி ஒண்ணு விடலாமானு இருக்கும். அதுதான் ஐடியா. லூக் கேட்டானே, மேல உக்காந்திருக்கறவங்களுக்குக் கீழ இருக்கறவங்க வலி தெரியுமானு, அதுக்கு ரயர்டன் இங்கதான் பதில் எழுதறார், சாமியைக் கீழ இறக்கி பசிக்க விட்டு ரத்தம் வர விட்டு.

கூட வர்றது மெக்னு ஒரு 12 வயசுப் பொண்ணு. அவளை வளர்த்தது நீரோ, ரோமாபுரி எரிஞ்சப்ப பிடில் வாசிச்சதா சொல்லுவாங்களே அந்த நீரோதான், சாகாம இருக்கான். அவன் அவகிட்ட கத்த மாட்டான், கை ஓங்க மாட்டான். நீ தப்பு பண்ணா எனக்குள்ள இருக்கற மிருகம் முழிச்சுக்கும், அப்புறம் நடக்கறதுக்கு நீதான் பொறுப்பு, நான் இல்லம்பான். அந்தப் பொண்ணும் அதை நம்பிட்டு, எல்லாம் என்னாலதான்னு சுருண்டுக்கறா. வீட்டுல பெரியவங்க கோபத்துக்குப் பிள்ளைங்க மேல பழி போடறதை இவ்வளவு துல்லியமா பசங்க புக்ல நான் வேற எங்கேயும் பார்த்ததில்ல. டிராகனும் ராட்சசனும் கிடக்கட்டும், எனக்கு இந்த மொத்த சீரிஸ்ல பயமா இருந்த வில்லன் இந்த அமைதியா பேசற ஆளுதான்.

மூணாவது புக், 2018, 'தி பர்னிங் மேஸ்'ல ஜேசன் சாகறான். திரும்பி வரல. சாகறதுக்கு முன்னாடி அப்போலோகிட்ட அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, திரும்ப சாமியானா மனுஷனா இருந்தது எப்படி இருந்துச்சுனு மறந்துராதீங்க. ஹீரோஸ் வரிசைல ஜேசனை மரக்கட்டைனு நாங்க எல்லாம் கிண்டல் பண்ணிட்டிருந்தோம், அந்த மரக்கட்டைக்காக நான் ஒரு நாள் முழுக்க சரியா சாப்பிடல. 2020ல 'தி டவர் ஆஃப் நீரோ'வோட முடிச்சார். அந்த முடிவும் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவையா ஒரு நல்ல இடத்துல நிறுத்தியிருந்தார்.

2023ல 'தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ்'. பெர்சி காலேஜ் சேரணும், அவன் பிறந்ததே பிள்ளை பெத்துக்க மாட்டோம்னு அவங்கப்பா பண்ண சத்தியத்தை மீறினதால, அதனால மூணு சாமிங்ககிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கிட்டு வந்தாத்தான் சீட்டாம். ஒலிம்பஸை ரெண்டு தடவ காப்பாத்தின பையன்! அவன் சாகாவரத்தையே வேணாம்னு சொன்னப்ப அந்த மூணு பேரும் அதே ஹால்லதானே இருந்திருப்பாங்க, இப்ப ஒரு கையெழுத்துக்கு அவங்க வீட்டு எடுபிடி வேலை எல்லாம் செய்யணுமா? காமெடியா படிச்சா ஜாலியா போகுது, பெர்சி குரல் திரும்ப கிடைச்ச சந்தோஷத்துல நானும் ஒரே மூச்சுல முடிச்சேன், பொய் சொல்லல. ஆனா 2005ல 12 வயசு, இப்பவும் 17தான். அவனோட ஆரம்பிச்ச நாங்க இ.எம்.ஐ. கட்டிட்டு இருக்கோம். வளர விட்டா சீரிஸ் முடிஞ்சுருமேனு பயந்து வாசல்லயே நிக்க வெச்சிருக்காங்க. 2024ல மந்திரச் சாமி ஹெக்கேட்டியோட வளர்ப்புப் பிராணிங்களைப் பார்த்துக்கற கதை, அதுவும் சிபாரிசுக் கடிதத்துக்குத்தான். அதைப் பத்தி பெருசா சொல்ல எதுவுமில்ல.

அதே 2023 டிசம்பர்லதான் டிவி தொடரும் வந்துச்சு. முன்னாடி 2010லயும் 2013லயும் வந்த ரெண்டு படத்தை ரசிகர்கள் யாரும் மன்னிக்கல, 12 வயசுப் பையன் கதைல பெரிய பையனைப் போட்டு அந்த வயசோட அப்பாவித்தனத்தையே காலி பண்ணிட்டாங்க, ரயர்டனே ஷூட்டிங்குக்கு முன்னாடி திரைக்கதையைப் படிச்சுட்டு இது ஓடாதுனு தயாரிப்பாளர்களுக்குக் காட்டமா எழுதினவர். இந்தத் தடவ அவரும் அவர் வீட்டம்மாவும் கூடவே நின்னு தயாரிச்சாங்க. பசங்க அந்தந்த வயசுல இருக்காங்க, பெர்சியா வர்ற வாக்கர் ஸ்கோபெல் அப்படியே பெர்சி. அன்னபெத்தா லியா ஜெஃப்ரீஸ் வர்றானு தெரிஞ்சதும் கறுப்புப் பொண்ணு எப்படினு ஒரு கூட்டம் அந்தக் குழந்தையைப் போட்டு வதைச்சப்ப, ரயர்டன் நேரா இதுக்குப் பேரு இனவெறினு எழுதினார், சுத்தி வளைக்கல. அங்க அவருக்கு ஒரு சல்யூட். ஆனா தொடர்ல ஒரு குறை, எந்தப் பொறிக்குள்ள போனாலும் பசங்க அஞ்சு நிமிஷத்துல இது மெடூசா, இது லோட்டஸ் ஹோட்டல்னு கண்டுபிடிச்சுடறாங்க. புக்ல நமக்குத் தெரியும் அவங்களுக்குத் தெரியாது, அதுலதான் பயமும் சிரிப்பும். அதைத் தொலைச்சுட்டாங்க.

ஆக, உங்க லிஸ்ட் திரும்ப வந்தா இப்படிப் போடுங்கனு கேட்டுக்கறேன். முதல் 5, 10 வயசுலேர்ந்து தாராளமா குடுக்கலாம், மூணாவதும் அஞ்சாவதும் படிக்கறப்ப வீட்டுல பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்தா நல்லது, பிள்ளைங்க கேள்வி கேக்கும். வாசிக்கக் கஷ்டப்படற பிள்ளைனா ஆடியோல ஆரம்பிங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, அதுவும் படிப்புதான். அதோட ஒரு வருஷம் நிறுத்துங்க. ஹீரோஸ் வரிசையை வாங்கறதுக்கு முன்னாடி லைப்ரரிலயோ பழைய புக் கடைலயோ ஒண்ணு எடுத்துப் பார்க்கட்டும், பிடிச்சா தொடரட்டும், பிடிக்கலேனா விட்டுடலாம், ஆனா அதைப் படிக்காம அப்போலோவுக்குப் போனா ஜேசன் யாருனே தெரியாது, அதுக்காகவாவது கதைச் சுருக்கத்தை யாராவது சொல்லிடுங்க. அப்போலோ வரிசை 13, 14 வயசுக்கு. மெக், நீரோ விஷயம் சின்னதுங்களுக்குப் புரியாது, புரியற பிள்ளைனா அதுக்கு வேற காரணம் இருக்கும், அதைப் பெரியவங்க கவனிக்கணும்.

புதுசு எல்லாம் எங்களை மாதிரி பழைய ஆளுங்களுக்கு. நாங்க வாங்கிக்கறோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
கோயம்புத்தூர்